ஆர்க்காட்டு வாரிசுப் போரும் அயல்படைத் தலையீடும்

ஆர்க்காட்டு நவாபு பதவிக்காக இரண்டு குடும்பங்கள் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் இது. பிரெஞ்சு, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினிகள் ஆளுக்கொரு பக்கம் படை கொடுத்ததால் 1749 முதல் 1763 வரை நீண்டது. பாடநூல்கள் இதை இரண்டாம், மூன்றாம் கர்நாடகப் போர்கள் என்று பிரித்துச் சொல்கின்றன. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் ஆரணியும் வந்தவாசியும் இதன் முக்கியக் களங்கள்.

பகையின் வேர் 1740இல் இருக்கிறது. அந்த ஆண்டு நவாபு தோஸ்த் அலி மராட்டியரோடு போரிட்டு மாண்டார். அவர் மருமகன் சந்தா சாகிப் திருச்சிராப்பள்ளியில் பிடிபட்டுச் சதாராவுக்குக் கொண்டுபோகப்பட்டார். தோஸ்த் அலியின் மகன் சப்தர் அலி 1742இல் வேலூரில் கொலையானார். கொல்வித்தவர் உறவினரான முர்தசா அலி. குழப்பத்தை அடக்க வந்த ஐதராபாத் நிஜாம், வெளியாளான அன்வருதீனை நவாபாக்கினார். பழைய குடும்பம் இதை மன்னிக்கவில்லை.

ஐரோப்பியர் அதுவரை வணிகர்கள்தாம். 1746இல் அடையாற்றங்கரையில் சிறிய பிரெஞ்சுப் படையொன்று நவாபின் பெரும்படையை விரட்டியடித்தது. பயிற்சி பெற்ற சிப்பாய்களையும் பீரங்கியையும் வைத்து இந்த நாட்டில் எதையும் செய்யலாம் என்பதைப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே அன்று கண்டுகொண்டார். 1748இல் விடுதலையான சந்தா சாகிப் அவருக்கு வாய்ப்பாக வந்து சேர்ந்தார். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் இவர்களோடு நடந்த போரில் அன்வருதீன் இறந்தார். அவர் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடி, ஆங்கிலேயரிடம் உதவி கேட்டார்.

அப்போது ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சமாதானம் நிலவியது. இங்கே இருவரும் சண்டையிட்டது நவாபுகளின் துணைப்படை என்ற போர்வையில். பிற்காலத்தில் உலகெங்கும் காணப்போகும் இந்த ஏற்பாட்டின் முழு இலக்கணமும் இங்கே எழுதப்பட்டுவிட்டது என்று சொல்லலாம். டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இந்தப் பேரங்களை உள்ளிருந்து பார்க்க முடிகிறது.

1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தபோது சந்தா சாகிப்பின் கை ஓங்கியிருந்தது. 1751இல் முகமது அலி மீதான திருச்சி முற்றுகையின் அழுத்தத்தைக் குறைக்க ஆங்கிலக் கும்பினியின் ராபர்ட் கிளைவ் 200 வெள்ளையரோடும் 300 சிப்பாய்களோடும் போய் ஆர்க்காட்டைப் பிடித்தார். சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப் ஐம்பது நாள் முற்றுகையிட்டும் கோட்டை விழவில்லை. சோற்றை வெள்ளையருக்குக் கொடுத்துவிட்டுச் சிப்பாய்கள் கஞ்சித் தண்ணீரைக் குடித்தார்கள் என்பது மெக்காலே எழுதிப் புகழ்பெற்ற கதை. நம்புவது அவரவர் விருப்பம். அடுத்து ஆரணியில் கிளைவ் வென்றார்.

1752 ஜூனில் திருவரங்கம் தீவில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. கோயில் மதில்களுக்குள் ஒதுங்கியிருந்த அந்தப் படைக்கு வெளியேற வழியில்லை. உயிருக்கு உறுதி பெற்றுத் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் போன சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது. அவரைக் காப்பாற்ற ஆங்கிலேயர் விரலைக்கூட அசைக்கவில்லை.

போர் அதோடு முடிந்திருக்கவேண்டும். ஆனால் உதவிக்கு விலையாகத் திருச்சியை மைசூருக்குத் தருவதாக வாக்களித்திருந்த முகமது அலி, வென்றதும் கைவிரித்தார். மைசூரும் முராரி ராவின் மராட்டியரும் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தனர். டூப்ளே இம்முறை முர்தசா அலியை நவாபு வேட்பாளராக நிறுத்தினார். 1753இல் முர்தசா அலியின் ஆட்களும் மராட்டியரும் திருவண்ணாமலையை முற்றுகையிட்டனர். உயர்ந்த மதில் கொண்ட பெரிய கோயிலே அங்கே கோட்டையாகப் பயன்பட்டது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஊர் பலமுறை கைமாறியது.

1754இல் செலவுக்கு அஞ்சிய பாரிஸ் டூப்ளேயைத் திரும்ப அழைத்துக்கொண்டது. ஐரோப்பாவில் ஏழாண்டுப் போர் மூண்டபின் 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்தார். சென்னை முற்றுகையில் தோற்றார். 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் அவரை முறியடிக்க, புஸ்ஸி சிறைப்பட்டார். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கை முகமது அலியை நவாபாக ஏற்றது. தமிழ் நாட்டார் யாரையும் கேட்காமல் ஐரோப்பாவில் எழுதப்பட்ட முடிவு அது.

வென்றவர் முகமது அலி. ஆனால் படைச்செலவு அவர் கணக்கில் ஏறியது. 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கும்பினிக்கு ஜாகீராகக் கொடுத்தார். மீதிக்குத் தனி வெள்ளையர்களிடம் வட்டிக்கு வாங்கினார். வட்டியை அடைக்கக் கிராமங்களின் வரி வருமானம் அடமானமானது. போர்க்களத்தில் செத்தவர்களைவிட இந்தக் கடனில் நொடித்த குடியானவர்கள் அதிகம் என்பதே என் கணிப்பு. நவாபின் கடன் பற்றி எட்மண்ட் பர்க் 1785இல் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பேசிய நீண்ட உரை புகழ்பெற்றது.

அமைதியும் வாய்க்கவில்லை. 1767 செப்டம்பரில் செங்கம் கணவாயிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலத் தளபதி கர்னல் ஸ்மித், திருவண்ணாமலையில் மைசூரின் ஐதர் அலி, நிஜாம் கூட்டுப்படையை வென்றார். 1790இல் திப்பு சுல்தான் ஊரைப் பிடித்தார்.

1801 ஜூலை 31 உடன்படிக்கைப்படி ஆர்க்காட்டு நாட்டின் ஆட்சி முழுவதும் கும்பினியிடம் போனது. 1855இல் நவாபு பதவியும் ஒழிந்தது. முகமது அலியின் வழியினருக்குப் பின்னர் தரப்பட்ட ஆர்க்காட்டு இளவரசர் என்ற பட்டம் மட்டும் சென்னை ராயப்பேட்டை அமீர் மகாலில் இன்றும் தொடர்கிறது.