நாலு மூலைக் கட்டு

1977 நவம்பரில் நாகப்பட்டினத்துப் பக்கம் புயல் கரையேறியபோது எனக்கு ஒன்பது வயது. வேதாரண்யத்துக்கு அருகே எங்கள் கூரை வீடு. முதல் நாள் சாயங்காலம் அப்பா கூரைமேல் தேங்காய் நார்க் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, நாலு மூலையிலும் முளை அடித்து இழுத்துக் கட்டினார். விடிந்தபோது கூரை இல்லை. கயிறு அறுந்திருக்கவில்லை, முடிச்சும் அவிழ்ந்திருக்கவில்லை. வடகிழக்கு மூலை முளை ஈர மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. அப்பா அந்த முளையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தபடி நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

1994ல் தெற்கு ஃப்ளோரிடாவுக்கு ஏ.சி. மெக்கானிக்காக வந்தேன். ஹோம்ஸ்டெட் ஊரை ஆண்ட்ரூ புயல் அடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. 1992 ஆகஸ்ட் 24 விடியற்காலை, மணிக்கு 165 மைல் வேகக் காற்று. நம் கணக்கில் 265 கிலோமீட்டர். 60,000 வீடுகளுக்கு மேல் அழிந்தன. நான் வந்தபோதும் தெருவுக்கு நாலு வீடு கூரையில்லாமல் நின்றது. புதிதாக எழும்பும் வீடுகளுக்கு வெளியே கண்டென்சர் என்னும் ஏ.சி. பெட்டியை உட்கார வைப்பதுதான் எனக்குக் கிடைத்த முதல் வேலை.

அந்தப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. மிஷின் வருவதற்கு முன் இங்கே வீடேதான் ஏ.சி. பழைய ஃப்ளோரிடா மரவீடுகள் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் தூண்மேல் நிற்கும். அடியில் காற்று ஓடும், வெள்ளம் வந்தாலும் அடியிலேயே ஓடும். வீட்டின் நடுவே முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நேராகத் திறந்த நடை, உயரமான உட்கூரை, சுற்றிலும் அகலத் திண்ணை. நம் பக்கத்து ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்கள் உள்ளே காலெடுத்து வைத்ததும் தெரிந்துகொள்வார்கள். புயல் அந்த வீட்டைச் சாய்க்கலாம். ஆனால் தாங்கி நின்ற வீட்டில் மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால் போதும், குடியிருக்கலாம்.

குளிர்ச்சிக்கு மிஷின் செய்யப் பாடுபட்ட முன்னோடிகளில் ஒருவர் வாழ்ந்ததும் இதே ஃப்ளோரிடாவில்தான். வளைகுடாக் கரையில் அப்பலாச்சிகோலா என்ற சின்னத் துறைமுகம். அங்கே 1840களில் ஜான் கோரி என்ற மருத்துவர், காய்ச்சலில் கிடந்தவர்களின் அறையில் உட்கூரையிலிருந்து பனிக்கட்டிப் பாத்திரத்தைத் தொங்கவிட்டு அறையைக் குளிர வைத்தார். பனிக்கட்டி வடக்கேயிருந்து கப்பலில் வர வேண்டும். அதற்குக் காத்திருக்க முடியாமல், காற்றை அழுத்தி, பிறகு விரியவிட்டுக் குளிராக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். 1851ல் காப்புரிமை கிடைத்தது. எண் 8080. அதை வைத்துத் தொழில் நடத்தப் பணம் சேராமலே 1855ல் இறந்துபோனார். அப்பலாச்சிகோலா அருங்காட்சியகத்தில் அந்த இயந்திரத்தின் மாதிரி இருக்கிறது. தினமும் கம்ப்ரஸரைத் தொட்டுப் பிழைக்கிறவன் நான். அதன் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றேன்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஊர் வீங்கியது. 1950ல் 27 லட்சத்துச் சொச்சமாக இருந்த மாநிலத்து ஜனத்தொகை 1960ல் ஏறக்குறைய 50 லட்சம். அப்போதும் ஐந்தில் ஒரு வீட்டில்கூட ஏ.சி. இல்லை. பிறகு வந்த வேகம்தான் வேகம். தூண் போய்த் தரையோடு ஒட்டிய சிமென்ட் தளம் வந்தது. திண்ணை சுருங்கியது, உட்கூரை தாழ்ந்தது, ஜன்னல் மூடியே கிடக்கப் பழகியது. வீட்டின் மூச்சையெல்லாம் வெளியே சுவரோரம் உட்கார்ந்த ஒரு தகரப் பெட்டியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். ஜனவரியில் பல வீடுகளில் அதே பெட்டியைத் திருப்பி ஓட்டித்தான் குளிர் காய்கிறார்கள். மயாமியில்கூட ஒருமுறை வெண்பனி விழுந்தது, 1977 ஜனவரி 19ல். எங்கள் கூரை போன அதே வருடம்.

வீடுகட்டும் சட்டங்களில் அந்தப் பெட்டியின் முறை கடைசியில்தான் வந்தது. 1926 செப்டம்பர் புயல் மயாமியை அடித்த பிறகு கட்டட விதிகள் இறுகின. 1957ல் மயாமி இருக்கும் மாவட்டத்துக்குத் தனிக் கட்டடச் சட்டமே வந்தது. நாட்டிலேயே கடுமையான சட்டங்களில் ஒன்று என்று பேர். ஆண்ட்ரூ வந்து, வேலையில் நடந்த அசட்டையையும் சோதனையில் நடந்த அசட்டையையும் ஒருசேரக் காட்டிக் கொடுத்தது. அதற்குப் பிறகு ஜன்னலுக்கும் அதன் மறைப்புக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். நாலு கிலோ எடையுள்ள மரச்சட்டத்தை நொடிக்கு 50 அடி வேகத்தில் அதன்மேல் எய்வார்கள், தாங்க வேண்டும். 2002 மார்ச் 1 முதல் மாநிலம் முழுக்க ஒரே சட்டம். 2004ல் அடுத்தடுத்து நாலு புயல், 2005ல் கத்ரீனா, வில்மா. மொட்டைமாடி யூனிட்டுகள் பெயர்ந்து, அந்த ஓட்டை வழியாக மழை இறங்கிக் கட்டடங்கள் உள்ளுக்குள்ளேயே அழுகின. ஜன்னலைக் காத்தது போலப் பெட்டியையும் காக்க வேண்டும் என்ற பேச்சு உரக்கக் கேட்டது அப்போதுதான்.

வில்மா அடித்தது 2005 அக்டோபர் 24. அடுத்த நாள், நானே மாட்டிய யூனிட் ஒன்றைப் பார்க்கப் போனேன். பக்கத்து வீட்டு வேலியில் தலைகீழாகக் கிடந்தது. காப்பர் பைப் முறிந்து, கேஸ் மொத்தமும் போய்விட்டது. நாலு மூலையிலும் ஸ்ட்ராப் போட்டிருந்தேன். நாலும் அப்படியே இருந்தன, ஒரு ஸ்க்ரூகூடத் தளரவில்லை. ஆனால் அவை பிடித்திருந்தது யூனிட்டுக்கு அடியில் போட்ட இலேசான பிளாஸ்டிக் பலகையை. பலகையை மண்ணோடு பிடிக்க எதுவுமே இல்லை. காற்று இரண்டையும் சேர்த்தே தூக்கியிருந்தது. அன்று நான் வேலை பார்த்த கம்பெனியில் எல்லோரும் அப்படித்தான் மாட்டினோம். வேலிக்குப் பக்கத்தில் நின்றபோது அப்பா கையிலிருந்த முளை ஞாபகம் வந்தது.

2017ல் இர்மா. இங்கே ஃப்ளோரிடாவிலேயே ஹாலிவுட் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லம். புயல் கட்டடத்தைச் சாய்க்கவில்லை. ஏ.சி.க்குப் போகும் மின்சாரம் மட்டும் நின்றது. மூடிய ஜன்னல்களுக்குள் வெப்பம் ஏறி ஏறிப் பன்னிரண்டு பேர் செத்துப்போனார்கள். தெருவைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. அடுத்த வருடமே சட்டம் வந்தது: முதியோர் இல்லங்களில் மின்சாரம் போனாலும் 96 மணி நேரத்துக்கு 81 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டாமல் வைத்திருக்க மாற்று ஏற்பாடு வேண்டும். ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸ். அந்தப் பன்னிரண்டு பேரை நினைக்காமல் எந்த வயதானவர் வீட்டு யூனிட்டையும் என்னால் தொட முடிவதில்லை.

இப்போது தங்கை மகன் என்னோடு வேலைக்கு வருகிறான். புயல் பருவம் ஜூன் 1ல் தொடங்கும். மே மாதமே பழைய வாடிக்கையாளர் வீடுகளைச் சுற்றி வருவோம். எச்சரிக்கை வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுவேன்: முதலில் வீட்டை நன்றாகக் குளிர வையுங்கள், காற்று ஏறுமுன் தெர்மோஸ்டாட்டை நிறுத்தி பிரேக்கரையும் இறக்குங்கள். போன கரன்ட் எகிறிக்கொண்டு திரும்பி வந்தால் கம்ப்ரஸர் போய்விடும். தண்ணீர் புகுந்த யூனிட்டை ஆள் வந்து பார்க்காமல் போடவே போடாதீர்கள்.

போன வாரம் கடலோரத்து வீடு ஒன்றில் ஸ்ட்ராப்பின் ஓரம் துருவேறியிருந்தது. உப்புக் காற்று. பையன் ஸ்பேனரை வைத்துத் திருகியதும் ஸ்க்ரூவின் தலை மட்டும் கையோடு வந்தது. கழுத்துக்குக் கீழே பழுப்புப் பொடி.

"மீதி மூணும் கெட்டியாத்தான் இருக்கு மாமா."

"நாலையும் கழட்டுடா. அப்புறம் அடியில இருக்கிற சிலாப்பைக் கடப்பாரையால நெம்பிப் பாரு, அசையுதான்னு."

மண்டி போட்டுக் கடப்பாரையை ஓரத்தில் நுழைத்தான். நான் மறுபக்கம் நின்று சிலாப்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன்.