வட்டுக்கோட்டையிலிருந்து திருநெல்வேலி வரை: யாழ்ப்பாணத்தில் ஊரும் உயர்கல்வியும்

இலங்கையின் குடியேற்ற அரசில் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், இலங்கையில் கிறிஸ்தவம் பற்றி 1850இல் ஒரு நூல் வெளியிட்டார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்து எண்ணத்தக்கது என்று வட்டுக்கோட்டை செமினரியை அதில் பாராட்டியிருந்தார். ஐந்து ஆண்டு கழித்து, 1855இல், அந்தச் செமினரி மூடப்பட்டது. அதை நடத்திய அமெரிக்க மிஷனே மூடியது. படிப்புத் தரம் தாழ்ந்ததால் அல்ல. படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள் என்பதால்.

கல்வி நிறுவனங்களின் வரலாற்றை நிறுவியவர்களின் கடிதங்களையும் ஆண்டறிக்கைகளையும் கொண்டே எழுதிப் பழகிவிட்டோம். அவற்றைப் பார்த்தால் 1855 ஒரு முடிவு. வாசலுக்கு வெளியே காத்திருந்த குடும்பங்களின் பக்கம் நின்று பார்த்தால் அது ஒரு குறுக்கீடு மட்டுமே. யாழ்ப்பாணத்தில் உயர்கல்வியைத் தொடங்கியவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு நோக்கத்தோடு தொடங்கினார்கள். ஊர் தன் நோக்கத்தோடு உள்ளே போனது. நிலைத்தது பெரும்பாலும் ஊரின் நோக்கம்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டார்கள். ஆளுநர் பிரவுன்றிக் இடங்கொடுத்தார். அடுத்து வந்த எட்வர்ட் பார்ன்ஸ் புதிய அமெரிக்கர் எவரும் வரக்கூடாது என்று தடுத்துவிட்டார். ஆள் வராது என்றானபின், உள்ளூரிலேயே ஆட்களை உருவாக்குவது தவிர மிஷனுக்கு வழியில்லை. 1823இல் வட்டுக்கோட்டையில் தானியேல் பூரின் தலைமையில் உயர்கல்விக் கூடம் தொடங்கியதற்கு இந்த நெருக்கடி முக்கியமான காரணம். அடுத்த ஆண்டே உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி வந்தது. படித்த உபதேசிக்குப் படித்த மனைவி வேண்டும் என்ற கணக்கு அதில் இருந்தது. ஆனாலும் அந்தக் கணக்கைத் தாண்டி வளர்ந்த பள்ளி அது.

செமினரியின் பாடத்திட்டம் விரிவானது. ஆங்கிலம், தமிழ், சமஸ்கிருதம், கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம், வேதாகமம் எல்லாம் அதில் இருந்தன. வானியலுக்குத் தனி வேலை இருந்தது. 1829இல் வந்த சந்திர கிரகணத்துக்கு உள்ளூர்ப் பஞ்சாங்கம் சொன்ன கணக்கும் பூர் போட்ட கணக்கும் வேறுபட்டன. பூரின் கணக்கே பலித்தது. பஞ்சாங்கம் தவறினால் அதைத் தாங்கும் நம்பிக்கையும் ஆட்டம் காணும் என்று மிஷன் எதிர்பார்த்தது. மாணவர்கள் கணக்கை எடுத்துக்கொண்டார்கள், நம்பிக்கையை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொண்டார்கள். 1836இல் அதிபரான ஹொய்சிங்டன் இந்திய வானியல் நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1848இல் பதிப்பித்தார். மறுக்கவென்று எடுத்த பாடம் ஆராய்ச்சியில் கொண்டுபோய் விட்டது.

ஊர் ஏன் உத்தியோகத்தைத் தேடியது? ஆறில்லாத நாடு, கிணற்றை நம்பிய தோட்டம், பிள்ளைகளுக்குப் பங்கிடப் பங்கிடச் சிறுத்துப்போகும் காணி. புகையிலை கொஞ்சம் காசு தந்தது. அதற்கு மேல் ஏற வேண்டுமென்றால் கச்சேரியில் எழுத்து வேலை, நில அளவை, கொழும்பில் ஒரு மேசை, பின்னாளில் மலாயாவில் ரயில்வே. ஆங்கிலப் படிப்பு அங்கே காணிக்கு ஈடான சொத்து. மிஷனை அனுப்பிய அமெரிக்க வாரியத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் 1855இல் நேரில் வந்து பார்த்து, ஆங்கிலக் கல்வி சபையிலிருந்து ஆட்களைப் பிரிக்கிறது என்ற முடிவுக்கு வந்ததில் தப்பில்லை. அவர் நோக்கத்தின்படி அவர் சரி.

செமினரி மூடி இரண்டு ஆண்டில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகம் முதல் பி.ஏ. தேர்வை நடத்தியபோது தேறிய இருவருமே வட்டுக்கோட்டையில் படித்தவர்கள்: கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும். சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளை பின்னர் சைவத்துக்குத் திரும்பினார். தொல்காப்பியத்தின் பகுதிகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். ஒரு மிஷன் பள்ளி எதிர்பார்த்த விளைவு இதில் எதுவும் இல்லை. தமிழுக்குக் கிடைத்த விளைவைச் சொல்லத் தேவையில்லை.

மூடப்பட்ட இடத்தை ஊர் விடவில்லை. பழைய மாணவர்களும் பெரியவர்களும் மிஷனை நெருக்கினார்கள். 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. ஹேஸ்டிங்ஸ் முதல் அதிபர். முந்தைய செமினரியிலிருந்து இதன் வேறுபாடு நிர்வாகத்தில் இருந்தது: இயக்குநர் சபையில் மிஷனரிமாரோடு தமிழரும் அமர்ந்தார்கள். கேட்டவர்களுக்கு மேசையில் இடம் கொடுத்த பிறகே கல்லூரி வந்தது. ஒருகாலம் கல்கத்தாப் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கும் பின்னர் லண்டன் வெளிவாரித் தேர்வுகளுக்கும் அது மாணவர்களைத் தயார்ப்படுத்தியது. கல்லூரி ஊரிலேயே இருந்தாலும் பட்டம் கடல் தாண்டியே வர வேண்டியிருந்தது.

சைவர்களும் தம் பங்கைச் செய்தார்கள். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலை அந்த மரபின் தொடக்கம். 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி. பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கு ஒரு கல்லூரியும், 1921இல் திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரியும் கட்டினார் (தமிழ்நாட்டுத் திருநெல்வேலி அல்ல, யாழ்ப்பாணத்தார் பேச்சில் தின்னவேலி). கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்ததும் அதே 1921இல்தான். பரமேசுவரா ஒருநாள் பல்கலைக்கழகமாக வேண்டும் என்பது இராமநாதனின் ஆசை.

‘ஊர்’ என்று இதுவரை எழுதிவந்தேன்; அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். இந்த வாசல்களில் நுழைந்தவர்கள் பெரும்பாலும் காணி வைத்திருந்த வேளாளக் குடும்பத்துப் பிள்ளைகள். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்று விதி வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது; பள்ளிகளுக்குத் தீ வைத்தவர்களும் உண்டு. இராமநாதனே சர்வஜன வாக்குரிமையை எதிர்த்தவர். யாழ்ப்பாணத்தின் கல்விப் பெருமையை எழுதுவோர் இந்தப் பக்கத்தை விரைந்து புரட்டிவிடுவது வழக்கம்.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வந்தது. 1945இல் இலவசக் கல்வி. 1960களின் தொடக்கத்தில் அரசு பள்ளிகளைப் பொறுப்பேற்றபோது பரமேசுவராவும் அரசிடம் போனது. யாழ்ப்பாணக் கல்லூரி தனியாராகவே நின்று தன் பட்டப் படிப்புப் பிரிவைத் தொடர்ந்தது. தமிழருக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை இதற்குள் அரசியலாகிவிட்டது. தமிழரசுக் கட்சி அதைத் திருகோணமலையில் கேட்டது. யாழ்ப்பாணத்தில்தான் வேண்டும் என்றார்கள் வேறு சிலர். எங்கே என்ற சண்டையில் எப்போது என்பது தள்ளிப்போனது.

1971இல் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. அவ்வாண்டு மருத்துவத்துக்கு 400 புள்ளிகளில் சிங்கள மொழி மாணவருக்கு 229 போதும், தமிழ் மொழி மாணவருக்கு 250 தேவை. காணிக்கு ஈடாக ஒன்றரை நூற்றாண்டு சேர்த்த சொத்தில் கைவைத்ததாகவே யாழ்ப்பாணம் அதைக் கண்டது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. யாழ்ப்பாண மாவட்டம் அதில் இழந்தது. மன்னார், வவுனியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் தமிழ்ப் பிள்ளைகள் ஓரளவு பெற்றார்கள். இரண்டையும் ஒரே அநீதியாகக் கட்டிவிடும் எழுத்துக்கள் இந்த வேறுபாட்டைக் காண்பதில்லை.

இந்தச் சூழலில்தான் 1974 அக்டோபர் 6ஆம் நாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்துவைத்தார். அப்போது நாடு முழுவதற்கும் ஒரே பல்கலைக்கழகமாக இருந்த அமைப்பின் ஆறாவது வளாகம் அது. திருகோணமலைக் கோரிக்கையைக் கைவிடாத தமிழ்த் தலைமைகள் எதிர்த்தன. முதல் தலைவராக வந்தவர் மார்க்சிய விமர்சகர் க. கைலாசபதி. கலைப் பிரிவு பரமேசுவராவின் கட்டடங்களில் அமர்ந்தது. விஞ்ஞானப் பிரிவு வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப் படிப்புப் பிரிவு இருந்த இடத்தில் தொடங்கியது. அரசு தன் கணக்குக்காகக் கொண்டுவந்த வளாகம், மிஷனும் இராமநாதனும் விட்டுச்சென்ற சுவர்களுக்குள் குடியேறியது. தொடக்க ஆண்டுகளில் சிங்கள மாணவர்களும் இங்கே படித்தார்கள்; 1977 ஆகஸ்ட் வன்செயலின்போது வெளியேறினார்கள். 1978இல் மருத்துவ பீடம் வந்தது. 1979 சனவரி 1 முதல் யாழ்ப்பாணம் தனிப் பல்கலைக்கழகம். கூத்தை மேடைக்கு மீட்டெடுத்த சு. வித்தியானந்தன் முதல் துணைவேந்தர்.

அதன்பின் போர். 1989 செப்டெம்பரில் உடற்கூற்றியல் துறைத் தலைவி ராஜினி திராணகம சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 அக்டோபரில் நகரம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் குலைந்தது. அந்தக் காலத்துக்குத் தனி ஆய்வு வேண்டும். இங்கே அடக்கினால் அதற்கும் நியாயமாகாது.

போருக்குப் பின் ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே ஒரு புதிய சிக்கல். அனுமதி இப்போது நாடு தழுவியது: 40 விழுக்காடு திறமை அடிப்படையில், 55 மாவட்ட அடிப்படையில், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. விஞ்ஞானம், பொறியியல் போன்ற ஆங்கில வழிப் பீடங்களுக்குத் தெற்கிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள். 2016 ஜூலையில் விஞ்ஞான பீட வரவேற்பு விழாவில் கண்டி நடனத்தைச் சேர்ப்பது பற்றி மோதலே மூண்டது. மறுபக்கம், விவசாய, பொறியியல் பீடங்கள் குடாநாட்டுக்கு வெளியே கிளிநொச்சியில் நிற்கின்றன. 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய வவுனியா, 1997இல் யாழ்ப்பாணத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1974இன் மாவட்ட ஒதுக்கீட்டால்தான் வவுனியாவை உள்ளிட்ட வன்னிப் பகுதிப் பிள்ளைகளில் பலருக்குப் பல்கலைக்கழகக் கதவு முதலில் திறந்தது. இன்று அவர்களின் ஊரிலேயே ஒரு பல்கலைக்கழகம் நிற்கிறது. அதற்கு முன்னோடியாக வட்டுக்கோட்டை போல ஒரு செமினரி அங்கே இருந்ததில்லை.