அம்மணம், நிர்வாணம், வீனஸ்

அருப்புக்கோட்டைப் பக்கம் குரண்டியில் ஒரு காலத்தில் திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப் பள்ளி சிறந்து விளங்கியது. கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் இவ்வூர்ப் பெயர் வருகிறது. அருகிலுள்ள திருச்சுழியை ஒட்டியே பள்ளிமடம் என்றோர் ஊர். ஆடை துறந்த ஆண் துறவியின் உடலைக் கல்லில் கண்டு பழகிய நிலம் இது. 'அம்மணம்' என்ற சொல்லே அமணரை ஒட்டிப் பிறந்தது என்பர். 'நிர்வாணம்' என்பதற்கோ வீடுபேறு என்றும் பொருள். ஆடையின்மைக்கு நாம் வழங்கும் இரு சொற்களிலும் துறவின் வாடை இருக்கிறது.

இச்சொற்களைக் கொண்டு டிஷியனின் 'உர்பினோ வீனஸ்' ஓவியத்தை எப்படிப் பேசுவது? வகுப்பில் அதைக் காட்டினால் பின்வரிசையில் சிரிப்பும் முன்வரிசையில் குனிந்த தலைகளுமே மிஞ்சும். 1538-இல் அதைப் பெற விழைந்த குயிடோபால்டோ தம் கடிதத்தில் தெய்வப் பெயர் எதையும் சொல்லவில்லை. 'நிர்வாணப் பெண்' என்றுதான் எழுதினார். வீனஸ் என்ற பெயர் பின்னர் வந்தது. காலடியில் உறங்கும் நாயைக் கற்பின் குறியென்றும், பின்னால் பணிப்பெண்கள் திறக்கும் பெட்டியை மணச்சீர் என்றும் கொண்டு, இது திருமண ஓவியம் என்பார் ஒரு சாரார். கணிகையின் படம் என்பார் மறு சாரார். எனக்கு இவ்வழக்கைவிட அவள் பார்வையே முக்கியமாகப் படுகிறது. அவள் நேராக நம்மைப் பார்க்கிறாள். நாம் நிற்கும் இடம் அன்று அந்த இளங்கோமகனுக்கு உரிய இடம்.

திருச்சுழியும் அடங்கிய சேதுபதி சீமையின் தலைநகர் இராமநாதபுரம். அங்கே இராமலிங்க விலாசத்தில் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதிச் சுவரோவியங்கள் உள்ளன. போர், பட்டாபிடேகம் இவற்றோடு அந்தப்புரக் காட்சிகளும், பெண்ணுடல்களைக் கோத்து யானையாக்கிய ஓவியமும் உண்டு. உடைமை உணர்வில் இத்தாலியக் கோமகனுக்குச் சேதுபதி இளைத்தவரல்லர். ஆயினும் மகளிர் நடுவே அவரும் வரையப்பட்டிருக்கிறார். துய்ப்பவன் யார் என்பது சுவரிலேயே தெரிகிறது. டிஷியன் அவனைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார். ஆகவேதான் 1972-இல் ஜான் பெர்ஜர் அவனைத் தேடிப்பிடித்துக் காட்ட வேண்டியதாயிற்று.

பார்ப்பவனை உள்ளே வரைந்துவிட்டால் மட்டும் போதுமா? குளிக்கும் சூசன்னாவை ஒளிந்து நோக்கும் முதியவர்களைத் தின்டொரெட்டோவும் வரைந்தார். அவருடைய சூசன்னா கண்ணாடியில் தன்னழகில் ஆழ்ந்திருக்கிறாள். முதியவர்கள் நமக்குக் கூட்டாளிகள் ஆகிவிடுகிறார்கள். அதே கதையை 1610-இல், இன்னும் பதினெட்டு வயது நிரம்பாத ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி வரைந்தார். அதில் கண்ணாடி இல்லை, தோட்டமும் இல்லை. வெறுங்கல் இருக்கையில் அவள் உடல் முறுகித் திரும்புகிறது, கைகள் அவர்களைத் தடுக்கின்றன, முகத்தில் அருவருப்பு.