முற்றமும் பள்ளியும்

எங்கள் ஓசூர்ப் பக்கத்து மக்கள் இன்றும் 'பால்வாடி' என்றே சொல்லும் அங்கன்வாடியின் பெயரில் ஒரு வரலாறு அடங்கியுள்ளது. 'அங்கன்' என்பது வடபுல மொழிகளில் முற்றத்தைக் குறிக்கும் சொல். முற்றம் வீட்டைச் சேர்ந்தது, பெற்றோர்க்கு உரியது.

தொழிலாளர்தம் சிறு குழந்தைகளுக்குப் பள்ளி வேண்டும் என்ற எண்ணம் ஆலைகளை ஒட்டியே வளர்ந்தது. ஸ்காட்லாந்தில் நியூ லனார்க் என்னும் பஞ்சாலை ஊரில் இராபர்ட் ஓவன் 1816ஆம் ஆண்டில் அத்தகைய பள்ளியைத் திறந்தார். பெற்றோர் ஆலைக்கும் குழந்தைகள் பள்ளிக்கும் சென்றனர். நம் நாட்டில் தாராபாய் மோடக் அம்மையார் வேறொரு வழி கண்டார். 1945இல் மும்பைக்கு வடக்கேயுள்ள போர்டியில் பணி தொடங்கிய அவர், ஏழைக் குழந்தைகள் பள்ளியைத் தேடி வாராமை கண்டு, பள்ளியையே அவர்தம் குடியிருப்பின் முற்றத்திற்குக் கொண்டு சென்றார்.

ஆலைகளைப் பற்றிய சட்டமும் குழந்தையை மறந்துவிடவில்லை. 50 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம்; 1976இல் அவ்வெண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. 1971இல் தோன்றிய சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தபின், கேழ்வரகு விளைந்த ஊர்ப்புறம் ஆலைப்புறமாயிற்று. ஆயினும், பத்துப் பெண்கள் பணிபுரியும் சிறு பட்டறைக்கு அச்சட்டம் காப்பகக் கடமை எதனையும் விதிக்கவில்லை. அத்தகைய தாய்மார்க்கு அங்கன்வாடியே துணை.

1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம், குழந்தைக்கு உணவும் முன்பருவக் கல்வியும் அளித்ததோடு தாய்க்கும் நலக்கல்வி தந்தது. 1980இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில், சிறு குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடையை அட்டையில் குறித்துத் தாய்க்கு விளக்கினர். பெற்றவளுக்குக் கணக்குக் காட்டிய அம்முறை பெரிதும் போற்றத்தக்கது.

இனி என் குறையொன்றைக் கூறவேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் பெற்றோர்க்கு வாயிற்கதவே எல்லை. ஒரிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவன் முதல் வகுப்பில் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. அவனை மந்தன் என்றே முடிவு கட்டினேன். ஒருநாள், இரவு ஷிப்டு முடித்து வந்த அவன் தாய், கதவைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். வகுப்பிலிருந்த புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பித் தன் மொழியில் 'ஒன்று' என்றாள். மகனோ, இருபது வரை தடையின்றி எண்ணி முடித்தான்! மந்தமாய் இருந்தது யார் என்பது எனக்கு அன்று விளங்கிற்று.

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து ஒலிக்கும் இவ்வெல்லைப் பகுதியில் இன்று வடபுல மொழிகளும் சேர்ந்துள்ளன. குழந்தையின் மொழியையும் பசியையும் அச்சத்தையும் பெற்றோரே அறிவர். அவர்களை வாயிலில் நிறுத்தாது, ஷிப்டு முடியும் நேரமறிந்து உள்ளே அழைத்து உட்கார வைப்போமாக. முற்றம் என்ற பெயர் அப்போதுதான் பொருளுடையதாகும்.