கண்ணாடிக்கு அப்பால் பவளம்: மேக்ரோ லென்ஸ் வந்த வழி

பவளப்பாறை பெரியது, அதைக் கட்டும் பாலிப் என்ற உயிரி மிகச் சிறியது. மன்னார் வளைகுடாவில் மிகுந்து வளரும் அக்ரோபோரா என்ற பவளத்தில் ஒரு பாலிப் குடியிருக்கும் குழியின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். மோன்டிபோரா பவளத்தில் இன்னும் குறைவு. பாலிப்பின் வாயையும் உணர்கொம்புகளையும் திசுவின் நிறத்தையும் படத்தில் காட்ட வேண்டுமானால், பொருள் தன் உண்மை அளவிலேயே பிலிமிலோ சென்சாரிலோ விழ வேண்டும். இந்த 1:1 அளவை எட்டுவதே மேக்ரோ லென்ஸின் அடையாளம். ஆனால் அந்த லென்ஸ் பவளத்துக்காகப் பிறந்ததல்ல. அது பவளத்தை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பவளம் ஆய்வாளர் கைக்கு உலர்ந்த கூடாகவே வந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், ராமேசுவரம் தீவையும் மன்னார் வளைகுடாவின் உயிர்களையும் பற்றி 1895இல் ஒரு நூல் வெளியிட்டார். இனங்களைப் பிரித்தறிய வெண்ணிறச் சுண்ணாம்புக் கூடே போதுமானதாக இருந்தது. உயிருள்ள திசுவைப் பார்க்க வேண்டிய தேவை எழவில்லை. வில்லியம் சேவில்-கென்ட் 1893இல் வெளியிட்ட ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பாறை நூலில் உயிருள்ள பவளங்களின் புகைப்படங்கள் உண்டு. அவையும் கடல் வற்றும் நேரத்தில், நீருக்கு வெளியே தெரிந்த பாறைகளை எடுத்தவை. நீருக்குள் விரிந்திருக்கும் பாலிப் அவற்றில் அகப்படவில்லை.

சென்னை மெரினாவில் 1909இல் கடல்வாழ் உயிர்க் காட்சியகம் திறக்கப்பட்டது. கடலுயிர்களைக் கண்ணாடிக்குப் பின்னால் உயிரோடு பார்க்கும் வாய்ப்பு சென்னை மக்களுக்கு அங்கேதான் கிடைத்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. பவள ஆய்வு பின்னர் மண்டபம் என்ற சிற்றூரில் வேரூன்றியது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949இல் அங்கே வந்தது, சி. எஸ். கோபிநாத பிள்ளை இந்தியப் பவள இனங்களை வகைப்படுத்தும் பெரும்பணியை அந்த நிலையத்தில் செய்தார். பவளப்பாறைகளுக்கான முதல் பன்னாட்டுக் கருத்தரங்கும் 1969 ஜனவரியில் மண்டபம் முகாமிலேயே நடந்தது. உலகப் பவள ஆய்வின் வரலாற்றில் இந்தச் சிற்றூருக்கு உள்ள இடம் தமிழ்நாட்டில் இன்னும் நிறையப் பேருக்குத் தெரிய வேண்டியது.

உயிருள்ள பவளத்தின் நிறத்தை உலகுக்குக் காட்டியதில் பெரும்பங்கு ஆய்வாளர் ரெனே கதாலாவுடையது. நியூ கலிடோனியாவின் நூமேயா காட்சியகத்தில் 1950களில் அவர் தொட்டியில் வளர்த்த பவளங்கள், புற ஊதா ஒளியில் பச்சையாகவும் சிவப்பாகவும் ஒளிர்ந்தன. கூட்டில் இல்லாத, திசுவில் மட்டும் உள்ள செய்தி அது. பவளத்தை நெருங்கி எடுக்கும் லென்ஸுக்கு அங்கேதான் உண்மையான வேலை பிறந்தது.

அதே பத்தாண்டில்தான் லென்ஸும் வந்தது. 35 மி.மீ. பிலிம் கேமராவுக்கான முதல் மேக்ரோ லென்ஸாகக் கருதப்படும் மக்ரோ-கிலார், ஹைன்ஸ் கில்ஃபிட்டின் படைப்பாக 1955இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு நிக்கான் மைக்ரோ-நிக்கோரை வெளியிட்டது. ஜப்பானிய எழுத்துகளின் நுண்கோடுகள் மைக்ரோபிலிமில் சிதையாமல் பதிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். காகிதம் தட்டையானது, அசையாதது. லென்ஸுக்கும் அதற்கும் இடையே எதுவும் இல்லை. ஆகவே 50, 55 மி.மீ. போன்ற குறுகிய குவியத்தூரம் போதுமானதாக இருந்தது. நிக்கானின் 105 மி.மீ. மைக்ரோ 1975இலும், டாம்ரான் 90 மி.மீ. 1979இலும் வந்தபின், சற்று விலகி நின்றே நுணுக்கத்தை எடுக்க முடிந்தது. தொட்டிக்கு வேண்டியிருந்தது இந்த விலகல்தான்.

60 மி.மீ. லென்ஸ் 1:1 அளவை எட்டும்போது அதன் முகப்புக்கும் பொருளுக்கும் இடையே சுமார் 5 செ.மீ. மட்டுமே மிஞ்சும். அதில் கண்ணாடியின் தடிமன் போனால், சுவரை ஒட்டி வளர்ந்த பவளம் மட்டுமே எட்டும். 100 மி.மீ. லென்ஸில் இந்த இடைவெளி ஏறக்குறைய 15 செ.மீ.; நீரின் ஒளிவிலகலால் பொருள் தன் ஆழத்தில் முக்கால் பங்கு தூரத்தில் இருப்பதாகத் தெரிவதால், உண்மையில் இன்னும் சற்று உள்ளே எட்டலாம். 180 மி.மீ. மேலும் எட்டும், ஆனால் கனமானது, சிறு அதிர்வையும் பெரிதாக்கும், இடையிலுள்ள நீரின் கலங்கலையும் சேர்த்துப் பதியும். எந்த லென்ஸானாலும் கண்ணாடிக்கு நேர் செங்குத்தாகவே பிடிக்க வேண்டும். சாய்த்தால் விளிம்புகளில் நிறம் பிரிந்து படம் மங்கும்.

1:1இல் எஃப் 8 துளையிலும் கூர்மையாக விழும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். தோட்டத்தில் மலரை எடுப்பவர், கோணம் சரியில்லை என்றால் சுற்றி வந்து வேறு பக்கம் நிற்கலாம். தொட்டி ஒரு முகத்தை மட்டுமே தரும். நீரோட்டம் பாலிப்பை அசைத்துக்கொண்டே இருக்கும் என்பதால் பம்பைச் சிறிது நேரம் நிறுத்திவிட்டு எடுப்பது வழக்கம். நீல எல்.இ.டி. விளக்குகள் பரவியபின், மஞ்சள் வடிகட்டி இல்லாமல் படம் முழுதும் நீலமாகிவிடும் சிக்கலும் சேர்ந்தது. கேமரா அசைவைக் குறைக்கும் அமைப்பு மேக்ரோ லென்ஸுக்கு 2006இல் நிக்கான் 105 மி.மீ.யுடன் வந்தது; கையில் பிடித்து எடுப்பவருக்கு அது உதவும், அசையும் பாலிப்பை அது நிறுத்தாது.

இந்தியாவில் கண்ணாடி என்பது சட்டம் வரைந்த எல்லையும்கூட. தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளில் சுண்ணாம்புக்காகப் பாறைகளை உடைத்தெடுத்த காலம் ஒன்று இருந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல் தேசியப் பூங்காவாயின. 2001 முதல் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடலிலிருந்து அவற்றை எடுத்து வந்து வீட்டுத் தொட்டியில் வைப்பது குற்றம். ஆகவே தமிழ்நாட்டில் பவளத்தை நெருங்கி எடுக்க விரும்புபவருக்கு வழி, உரிமம் பெற்ற காட்சியகத்தின் தடித்த கண்ணாடிச் சுவர்தான். அதற்கு 90 முதல் 105 மி.மீ. வரையிலான, தனியாகவே 1:1 எட்டும் லென்ஸே பொருத்தமானது.