பெரியப்பாவின் லேப் ரிப்போர்ட்டும் சுப்பாராவின் நீல நிறமும்

பெரியப்பாவின் டயாலிசிஸ் ஃபைலை ஒருநாள் முழுசா புரட்டினேன். திருவையாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து வாரம் இரண்டு நாள் தஞ்சாவூருக்கு பஸ் ஏறிப் போய் வருகிறார். எல்லா ரிப்போர்ட்டிலும் கிரியாட்டினினுக்கு நேரே பேனாவால் வட்டம் போட்டிருந்தோம். நாலு வரி கீழே 'பாஸ்பரஸ்' என்று ஓர் எண்: 7.8, அப்புறம் 8.1. பெரியவர்களுக்கு அது சுமாராக 2.5 முதல் 4.5 வரை இருக்க வேண்டும். வீட்டில் யாரும் அதைப் பார்க்கவே இல்லை. எலும்பு குடையுதுன்னு அவர் சொன்னால், "அம்பது வருஷம் சேத்துல நின்ன காலு, வலிக்காம என்ன பண்ணும்?" என்று அவரே பதிலும் சொல்லிவிடுவார். நாங்களும் நம்பிவிட்டோம்.

அந்த எண்ணை முதலில் யார் எப்படி அளந்தார்கள் என்று தேடினேன். தேடல் சென்னையில் போய் நின்றது.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தவர். அதுவும் டெல்டாதான், நெல் சீமைதான். ஆறு மட்டும் கோதாவரி. அன்று அது மதராஸ் மாகாணம். மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தியின் அழைப்பைக் கேட்டு கதர் உடுத்தினார். ஆங்கிலேய அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முழு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டு பாஸ்டன் போய்ச் சேர்ந்தார்.

அங்கே ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கோடு சேர்ந்து 1925-ல் வெளியிட்டதுதான் ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை. விஷயம் எளிமையானது. ரத்தத்திலிருந்து புரதத்தை நீக்கிவிட்டு, மாலிப்டேட்டையும் இன்னொரு வேதிப்பொருளையும் சேர்த்தால் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் எவ்வளவு அதிகமோ, நீலம் அவ்வளவு அடர்த்தி. நிறத்தை ஒப்பிட்டு அளவைச் சொல்லிவிடலாம். இன்றைய இயந்திரங்கள் பெரும்பாலும் நீலம் வரும்வரை காத்திருப்பதில்லை. ஆனால் மாலிப்டேட் இன்னும் இருக்கிறது.

சரி, பாஸ்பரஸுக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

சிறுநீரில் புரதம் போகிற வளரிளம் பிள்ளைகளுக்கு எலும்பு வளைவதை 1883-லேயே லண்டன் மருத்துவர் லூகாஸ் எழுதிவிட்டார். காரணம் தெரியவில்லை. 1940களின் தொடக்கத்தில் பீக்கிங்கில் வேலை பார்த்த லியூ, சூ என்ற இரு மருத்துவர்கள் இதைத் தனி நோயாகப் பிரித்துப் பெயர் வைத்தார்கள். சாதாரண வைட்டமின் டி இந்த நோயாளிகளிடம் பலிக்கவில்லை என்பதையும் கவனித்தார்கள். ஏன் பலிக்கவில்லை? 1970-ல் கேம்பிரிட்ஜில் ஃப்ரேசரும் கோடிசெக்கும் விடை சொன்னார்கள். வைட்டமின் டி வேலை செய்யும் வடிவத்துக்கு மாறும் இடமே சிறுநீரகம்தான்!

இப்போது கணக்கு புரியும். சிறுநீரகம் பழுதானால் பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்கும். செயல்படும் வைட்டமின் டி குறையும், அதனால் குடல் கால்சியத்தை உறிஞ்சுவதும் குறையும். கழுத்தில் நாலு பாராதைராய்டு சுரப்பிகள் உண்டு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் அரிசி அளவுதான். அவை பதறிப்போய் ஹார்மோனைக் கொட்டும். அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். எலும்பு நலியும், ரத்தக்குழாயில் சுண்ணாம்பு படியும். வலி வருவதற்கு வருடங்களுக்கு முன்பே இதெல்லாம் ஆரம்பித்துவிடும்.

டயாலிசிஸ் வருவதற்கு முன் சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்தவர்கள், எலும்பு நலியும்வரை பெரும்பாலும் பிழைத்திருக்கவில்லை. ஆயுள் நீண்ட பிறகுதான் இது பெரிய பிரச்சினையானது. மருத்துவமும் ஒருமுறை தடுக்கி விழுந்தது. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த அலுமினிய மருந்து கொடுத்தார்கள். டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய குழாய்த் தண்ணீரிலும் சில ஊர்களில் அலுமினியம் இருந்தது. 1970களில் இங்கிலாந்தின் நியூகாசிலில் நோயாளிகளின் எலும்பு முறிந்தது, மூளையும் பாதிக்கப்பட்டது. அதன் பிறகுதான் தண்ணீர்ச் சுத்திகரிப்பு கடுமையானது. கால்சியம் மாத்திரை, பிறகு செவலமர் என்று மருந்தும் மாறியது.

இந்த மாத்திரைகள் சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்துக்கொள்பவை. சாப்பாட்டோடு போட்டால்தான் பலன். பெரியப்பா என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? எல்லா மாத்திரையையும் சேர்த்து ராத்திரி படுக்கும்போது பாலோடு விழுங்கிக்கொண்டிருந்தார். பாலே பாஸ்பரஸ். டாக்டர் சீட்டில் "உணவுடன்" என்று எழுதித்தான் கொடுத்திருந்தார். படித்துச் சொல்ல வேண்டிய நாங்கள் படிக்கவில்லை.

இப்போது சோற்றோடு போடுகிறார், கருவாடும் கோலாவும் குறைந்திருக்கின்றன. கடைசி ரிப்போர்ட்டில் 5.9. வலி முழுசா போகவில்லை. இத்தனை வருடம் கரைந்த எலும்பு ஒரு மாதத்தில் திரும்பாது.

சுப்பாராவ் 1948-ல், 53 வயதில் இறந்தார். அவர் அளக்க வழி சொல்லி நூறு வருடம் ஆகிவிட்டது. உங்கள் வீட்டிலும் டயாலிசிஸ் ஃபைல் இருந்தால், கிரியாட்டினினோடு நிறுத்தாதீர்கள். பாஸ்பரஸ், கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றும் எவ்வளவு என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள்.