தாது ஆண்டுப் பஞ்சமும் தர்பார் கணக்கும்

டில்லியிலே திருவிழா! 1877 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள். கடல் கடந்த தீவிலிருந்து நம்மை ஆண்ட விக்டோரியா அம்மையாருக்கு 'இந்தியாவின் பேரரசி' என்று பட்டம் சூட்டும் பெருவிழா. பட்டம் சூடியவர் வரவில்லை. அவர் பெயரால் வைசிராய் லிட்டன் பிரபு கொலுவிருந்தார். மன்னர்கள் வந்தனர், மகாராசாக்கள் வந்தனர், நவாபுகள் வந்தனர். யானைகள் அணிவகுத்தன, பீரங்கிகள் முழங்கின, பந்தி பந்தியாக விருந்து நடந்தது. சென்னை மாகாணத்துக் கவர்னர் பக்கிங்காம் பிரபுவும் சென்றிருந்தார். பேரரசியின் விழாவாயிற்றே, போகாமல் இருக்க முடியுமா?

அவர் விட்டுச் சென்ற மாகாணத்தின் கோலம் என்ன? 1876 இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. நம்பியிருந்த வடகிழக்கும் பொய்த்தது. பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோவை, வடஆர்க்காடு என்று மாவட்டம் மாவட்டமாக நிலம் வெடித்தது. மாடு செத்தது, பிறகு மனிதன் செத்தான். ஊரை விட்டு ஓடி வந்தோர் சென்னை நகரத் தெருக்களில் விழுந்தனர். தாது ஆண்டில் தொடங்கியதால் 'தாது வருசப் பஞ்சம்' என்று நம் பாட்டன்மார் அதற்குப் பெயரிட்டனர். பாட்டன்மார் பெயரிட்டார்கள், ஆண்டவர்களோ அதற்குப் பெயரிடவும் தயங்கினார்கள், கணக்கிடவும் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தின் வரலாற்றைத்தான் இங்கே எழுத முற்படுகிறோம்.

ஆட்சியாளர் பொய் சொல்வார்கள் என்பதை நம் இளைஞர்கள் நன்கு அறிவார்கள். ஆனால் பொய் எந்த வேடத்தில் வருகிறது என்பதை அறிந்தவர்கள் குறைவு. 'பஞ்சமே இல்லை' என்று லிட்டன் ஒருநாளும் சொல்லவில்லை. அத்தனை எளிய பொய்யை எவரும் பிடித்துவிடுவர். 'பஞ்சம் உண்டு, ஆனால் சென்னை அரசு மிகைப்படுத்துகிறது, உதவிக்கு வருவோரில் பாதிப்பேர் உதவிக்கு உரியவரல்லர், வீண் செலவு நடக்கிறது' என்பதுதான் டில்லியின் பாட்டு. அந்தப் பாட்டைச் சரிபார்க்க ஒருவரை அனுப்பினார்கள். அவர் சர் ரிச்சர்ட் டெம்பிள்.

டெம்பிளின் கதை சுவையானது. மூன்றாண்டுகளுக்கு முன், 1874 இல், பீகாரிலே பஞ்சம் தலைகாட்டியபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான டன் அரிசியைத் தருவித்தார், தாராளமாகச் செலவிட்டார், பசியால் மடிந்தோர் மிகச் சிலரே. அதற்காக அவரைப் பாராட்டினார்களா? இல்லை! ஊதாரி என்று இலண்டன் ஏடுகள் தூற்றின. உயிரைக் காப்பாற்றிய குற்றத்துக்காகக் கறைபட்ட தம் பெயரைத் துடைத்துக்கொள்ள, 1877 இல் சென்னைக்கு வந்தார் அந்த மனிதர். இம்முறை சிக்கனத்தின் திருவுருவமாக வந்தார்!

விரைவுச் சுற்றுப்பயணம் ஒன்று நடத்தினார். நிவாரண வேலைத்தளங்களின் பட்டியலிலிருந்து ஆயிரமாயிரமாகப் பெயர்கள் நீக்கப்பட்டன. வெயிலிலே கல்லுடைத்து மண் சுமக்கும் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு இராத்தல் தானியம், அதன்மேல் சிறு காசு. அது போதும் என்று விதித்தார். ஒரு இராத்தல் என்பது இன்றைய அளவில் அரைக் கிலோவுக்கும் குறைவு. போதும் என்று எப்படித் தெரியும்? டெம்பிளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இங்கேதான் மற்றொரு வெள்ளைக்காரர் குறுக்கே நின்றார். அவர் பெயர் கார்னிஷ், மருத்துவர், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர். 1871 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவரும் அவரே. எத்தனை பேர் இருந்தார்கள் என்று எண்ணத் தெரிந்தவருக்கு, எத்தனை பேர் குறைகிறார்கள் என்பதும் கண்ணில் பட்டது. உழைக்கும் உடலுக்கு ஒன்றரை இராத்தல் தானியமேனும் வேண்டும், பருப்பும் காயும் வேண்டும் என்று வாதிட்டார். சிறைக்கைதி உண்ணும் உணவையும், கூலிக்காரன் நல்ல காலத்தில் உண்ணும் உணவையும் எடுத்துக்காட்டி எழுதினார். டெம்பிள் மறுப்பு எழுதினார். கார்னிஷ் மறுப்புக்கு மறுப்பு எழுதி அச்சிட்டார். ஏட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்த வேளையில் வேலைத்தளங்களில் மக்கள் எலும்பும் தோலுமாகச் சரிந்துகொண்டிருந்தனர். மே மாதத்தில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. டெம்பிளோ அந்த ஆண்டே பம்பாயின் கவர்னராக உயர்ந்தார்.

ஆண்டின் பிற்பகுதியில் லிட்டனும் தெற்கே வந்தார். பசித்தோர் முகாம்களைப் பார்த்துவிட்டு அவர் எழுதிய கடிதம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. அங்கிருந்தோர் வேலையின்றிக் கொழுத்துக் கிடப்பதாகவும், முகாம்கள் உல்லாச விருந்துகளாக இருப்பதாகவும் கிண்டல் செய்திருக்கிறார். அந்த 'உல்லாசிகளின்' உருவை வில்லோபி ஹூப்பர் என்ற பட்டாள அதிகாரி புகைப்படமாக எடுத்து வைத்துப் போயிருக்கிறார். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்!

இந்தப் படங்கள் இன்று கைப்பேசிதோறும் உலவுகின்றன. எப்படி? '1943, வங்கப் பஞ்சம்' என்ற தலைப்போடு! அனுப்புவோர் கெட்ட எண்ணத்தால் அனுப்பவில்லை. ஆயினும், சென்னை மாகாணத்து மக்கள் இரண்டாம் முறையாகக் கணக்கிலிருந்து விடுபடுகிறார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்களா?

பட்டினிக்குக் காரணம் கேட்டவர்களுக்கு என்ன விடை கிடைத்தது? கோயில் வாசலில் கேட்டால் 'தலைவிதி' என்றார்கள். கோட்டை வாசலில் கேட்டால் 'பொருளாதார விதி' என்றார்கள். விலையில் அரசு தலையிடலாகாது, வணிகர் தாமே தானியத்தைக் கொண்டுவந்து சேர்ப்பர், சந்தை தானே சமன்படும் என்பது அந்த இரண்டாம் விதி. பஞ்சத்தின் தொடக்கத்தில் சென்னை அரசு அர்பத்நாட் நிறுவனத்தின் வழியாக முப்பதாயிரம் டன் தானியத்தைக் கமுக்கமாக வாங்க முற்பட்டதற்கு மேலிடத்தின் கண்டனந்தான் பரிசு. மூன்றாவதாக ஒரு விதியும் வந்து சேர்ந்தது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் பதினோராண்டுச் சுழற்சியில் கூடிக் குறைகின்றன. அவை குறையும்போது சென்னையில் மழையும் குறைகிறது என்று ஹண்டர் என்னும் புள்ளியியல் அதிகாரி 1877 இல் நூலே எழுதினார். புள்ளிகள் உண்மை, சுழற்சியும் உண்மை. ஆனால் சோதிடன் சனியைக் காட்டினான், ஆட்சி சூரியனைக் காட்டிற்று. மண்ணிலே நடந்ததற்கு விண்ணிலே குற்றவாளி! அந்த ஆண்டுகளின் வறட்சிக்குப் பசிபிக் கடல் சூடேறும் 'எல் நினோ' காரணம் என்று இன்றைய அறிவியல் கூறுகிறது; ஏற்போம். மழை பொய்த்ததற்கு அது விடை. மக்கள் செத்ததற்கு?

அதற்கு விடை தேட நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் வேப்பம்பட்டு நிலையத்தைக் கடந்து நாள்தோறும் அரக்கோணம் வண்டி ஓடுகிறதே, அந்தப் பாதை 1856 இல் இராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே திறக்கப்பட்ட பாதை. தென்னாட்டின் முதல் பயணிகள் இருப்புப்பாதை. 1871 க்குள் அரக்கோணத்திலிருந்து கடப்பை வழியாக இராய்ச்சூர் வரை கிளை நீண்டுவிட்டது. பஞ்ச காலத்தில் சென்னைக் கடற்கரையில் கப்பல் கப்பலாக வந்திறங்கிய தானிய மூட்டைகள் இவ்வழியேதான் உள்நாட்டுக்குச் சென்றன. ஆம், தானியம் வந்தது! மூட்டைகள் மலைபோல் குவிந்து மழையில் நனைந்தன என்றும் எழுதியிருக்கிறார்கள். வாங்கக் காசில்லாதவன் பாதையோரம் விழுந்து கிடந்தான். வண்டி அவனைத் தாண்டிப் போயிற்று.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? 'சென்னையின் அரிசியை எல்லாம் இலண்டனுக்கு ஏற்றினார்கள்' என்று நம் மேடைகளில் முழங்குவோர் உண்டு. அந்த ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்குக் கோதுமை ஏற்றுமதி நிற்கவில்லை என்பது மெய். அது வடநாட்டுக் கோதுமை. சென்னைத் துறைமுகத்திலோ தானியம் வந்துகொண்டிருந்தது. மெய்யான குற்றம் மேடைக் குற்றத்தைவிடக் கொடியது: உணவு இல்லாமல் சாகவில்லை; உணவின் பக்கத்திலேயே செத்தார்கள். பெரிய குற்றத்தை விட்டுவிட்டுச் சிறிய குற்றத்தை ஏன் சாட்ட வேண்டும்?

வரலாறு திரும்பியது. தாதுப் பஞ்சத்தின் விளைவாக அமைந்த விசாரணைக் குழு 1880 இல் அறிக்கை தந்தது. பஞ்ச விதித்தொகுப்புகள் எழுந்தன. 'பஞ்சம்' என்று அரசு அறிவித்தால் இன்னின்ன உதவிகளைச் செய்தே ஆகவேண்டும் என்று அவை கட்டளையிட்டன. ஆட்சியாளர் அதிலிருந்து கற்ற பாடம் என்ன? அந்தச் சொல்லைச் சொல்லாதிருப்பது! 1943 இல் வங்கம் செத்துக்கொண்டிருந்தபோது பஞ்சம் என்று அறிவிக்கவே இல்லை. தொகுப்பின்படி கொடுக்க எங்களிடம் உணவில்லை, ஆகையால் அறிவிக்கவில்லை என்று அம்மாகாணக் கவர்னர் ரூதர்ஃபோர்டு வைசிராய்க்கு எழுதினார். ஏடுகளுக்கும் தணிக்கை. அவ்வாண்டு ஆகஸ்ட் 22 இல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் ஏடு தெருவில் கிடந்தோரின் படங்களை அச்சிட்டது. ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், அவரும் ஆங்கிலேயரே. அக்டோபரில் இந்தியா அமைச்சர் ஆமெரி, வாரத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர் இறப்பதாகப் பாராளுமன்றத்தில் சொன்னார். ஸ்டேட்ஸ்மன் அதை ஏற்கவில்லை. 1945 இல் அரசின் விசாரணைக் குழுவே பதினைந்து இலட்சம் என்று ஒப்புக்கொண்டது. பின்வந்த ஆய்வாளர் பலர் முப்பது இலட்சம்வரை செல்கின்றனர்.

ஏகாதிபத்தியத்துக்கு மட்டுமே உரிய கலை இது என்று எண்ணிவிட வேண்டாம். சோவியத்து நாட்டில் 1932, 33 ஆண்டுகளில் உக்ரேனில் பல இலட்சம் உழவர் பட்டினியால் மடிந்தனர். நியூயார்க் டைம்சின் மாஸ்கோ நிருபர் டுராண்டி பஞ்சமில்லை என்று எழுதினார்; நேரில் கண்டு எழுதிய காரத் ஜோன்சைப் பொய்யர் ஆக்கினார்கள். 1937 இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது. கணக்கைச் செல்லாதென்று தள்ளி, கணக்கெடுத்த அதிகாரிகளைச் சிறையிலிட்டார்கள். சிலரைச் சுட்டும் கொன்றார்கள். உழைப்பவர் ஆட்சி என்ற பெயருக்காக நாம் இதைப் பேசாமல் விட்டால், லிட்டனைப் பற்றிப் பேசும் தகுதி நமக்கேது?

இனி, நம் கணக்குக்கு வருவோம். டில்லி விருந்து நடந்த நாட்களில் மட்டும் சென்னையிலும் மைசூரிலும் ஓர் இலட்சம் பேர் செத்தனர் என்ற செய்தி நூல்தோறும் வருகிறது. நம் துண்டறிக்கைகளிலும் வரும். அது ஓர் ஆங்கிலப் பத்திரிகையாளர் பிற்காலத்தில் சொன்ன மதிப்பீடு. அந்த வாரத்தில் நின்று எண்ணியவர் எவருமில்லை. மதிப்பீடு என்று சொல்லி எடுத்தாளலாம். எண்ணிக்கை என்று முழங்கலாகாது. 'நாம் நீதியின் பக்கம் நிற்கிறோம், எண் ஒன்று கூடினாலென்ன குறைந்தாலென்ன' என்று கேட்கும் தோழர்களைக் கண்டிருக்கிறோம். எதிரி அந்த ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு மற்ற உண்மைகள் அனைத்தையும் தள்ளிவிடுவானே, அப்போது யாரிடம் முறையிடுவது?

கைவசம் எண்ணா இல்லை? சென்னை மாகாணப் பதிவேடுகளில் 1876 இல் பதிவான இறப்பு 6,80,381. 1877 இல் 15,56,312. ஒரே ஆண்டில் இரண்டு மடங்குக்கும் மேல்! இதுவும் முழுக் கணக்கன்று. ஊர் முன்சீப்பின் ஏட்டில் ஏறியவை மட்டுமே இவை. ஊரை விட்டுப் போய் வழியில் விழுந்தவனை எந்த ஊர் எழுதிக்கொள்ளும்? எழுதப்பட்டவர்களும் பெரும்பாலும் வாந்திபேதி, வயிற்றுக்கடுப்பு, காய்ச்சல் என்ற பத்திகளில் போய்ச் சேர்ந்தனர். ஆறு மாதம் அரை வயிற்றுக்கு உண்டவனை வாந்திபேதி கொண்டுபோனால், ஏட்டிலே வாந்திபேதி கொலைகாரன், பசி நிரபராதி! பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் ஐம்பத்தைந்து இலட்சம் அளவுக்குப் பஞ்சச் சாவு என்று பிற்கால மதிப்பீடு. சென்னையில் பஞ்ச நிவாரணத்தில் முன்னின்ற ஏட்டாசிரியர் வில்லியம் டிக்பி, பின்னாளில் ஒரு கோடிக்கும் மேல் என்றார். மாகாண மக்கள்தொகையோ 1871 இல் ஏறத்தாழ 3 கோடியே 12 இலட்சம். பத்தாண்டு கழித்து 3 கோடியே 8 இலட்சம்.

ஆனால் சாவைவிட நம்பத்தக்க சான்று ஒன்று அந்த ஏடுகளிலேயே கிடக்கிறது. பிறப்புக் கணக்கு! 1876 இல் பிறந்தவை 6,32,113 குழந்தைகள். 1877 இல் 4,77,447. மழை திரும்பிய 1878 இல் 3,48,346. சாவுக்கு வேறு பெயர் சூட்டலாம். பிறக்காத குழந்தைக்கு எந்த நோயின் பெயரைச் சூட்டுவது? மறைக்க வேண்டும் என்று டெம்பிளுக்கும் தோன்றவில்லை, லிட்டனுக்கும் தோன்றவில்லை. தாயின் வயிறு வற்றியதை அரசாங்கமே ஆண்டுவாரியாக அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது.

மாகாணக் கணக்கு இவ்வாறிருக்க, எங்கள் வட்டாரத்துக் கணக்கு தனியே வேண்டும். திருவள்ளூர் அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அக்கால அரசு ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கோடை விடுமுறையில் நாலைந்து தோழர்கள் சேர்ந்து சென்று, கார்னிஷ் காலத்துச் சுகாதார அறிக்கைகளில் செங்கற்பட்டுப் பக்கங்களைத் தேடிப் படியெடுக்க எண்ணியிருக்கிறோம். உடன்வர விழைவோர் எழுதலாம்.